இறைமாட்சியும் இடுக்கணழியாமையும்

திருக்குறளை வாழ்க்கை முன்னேற்றத்துக்கு வழிகாட்டும் நூலாகக் கொள்ளும் வழக்கம் இக்காலத்திற் பெரிதும் பரவியுள்ளது. தன்னம்பிக்கை நூல் எழுதுவோரும், தலைமைத்துவப் பயிற்சி நடத்துவோரும், பரிசளிப்பு விழாவிலே மாணவர்க்கு அறிவுரை கூறுவோரும் ஊக்கத்தைப் பற்றி ஒரு குறளையும், முயற்சியைப் பற்றி ஒரு குறளையும், துன்பத்திற் கலங்காமை பற்றி ஒரு குறளையும் எடுத்தாளுதல் இயல்பாகிவிட்டது. இவ்வழக்கம் குறைகூறத் தக்கதன்று. மனத்திலே தங்குதற் பொருட்டே அந்நூல் ஈரடியிற் பேசிற்று. ஆயினும், தனித்தெடுக்கப்படும் குறளுக்கு அதிகாரம் என்றோர் இருப்பிடமும், அவ்வதிகாரத்துக்கு இயல் என்றோர் அயலும் உண்டு. அவ்விருப்பிடத்தினின்று பெயர்க்கப்பட்ட அறிவுரை சிலபோது ஆசிரியர் கருதாத பொருளையும் தந்துவிடும். துன்பம் வரும்போது மகிழவேண்டும் என்ற கட்டளை அத்தகையது. அதனை யார் யாருக்குச் சொல்வது என்ற வினாவை எழுப்பாது மொழிந்தால், அது ஆறுதலாய் அமையாது கொடுமையாய் முடிதலும் கூடும். ஆகவே, தனிமனிதனின் வளர்ச்சி, இடரைத் தாங்கும் உரம், பிறரை வழிநடத்தும் தலைமை என்னும் மூன்றையும் வள்ளுவர் எம்முறையில் இணைத்தார் என்பதை அதிகார வைப்பின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

குறளின் 133 அதிகாரங்களுள் முதல் 38 அறத்துப்பாலாகவும், அடுத்த 70 பொருட்பாலாகவும், எஞ்சிய 25 காமத்துப்பாலாகவும் அமைந்துள்ளன. பரிமேலழகர் பொருட்பாலை அரசியல், அங்கவியல், ஒழிபியல் என மூன்றாகப் பகுத்தார். இவற்றுள் அரசியல் 39 ஆம் அதிகாரமாகிய இறைமாட்சியிலே தொடங்கி, 63 ஆம் அதிகாரமாகிய இடுக்கணழியாமையிலே முடிகின்றது. இயற்பகுப்பில் உரையாசிரியர்கள் தம்முள் வேறுபடுவர். இவ்வைப்பு முழுவதும் ஆசிரியர் செய்ததுதானா என்பதும் அறிஞர் ஆராய்ச்சிக்குரியது. எனினும், நல்லூர் ஆறுமுக நாவலர் 1861 ஆம் ஆண்டில் பரிமேலழகர் உரையோடு திருக்குறளைப் பதிப்பித்த காலந்தொட்டு ஈழத்து மாணவர் பலர் இம்முறையிலேயே நூலைப் பயின்று வந்துள்ளனராதலின், அதுவே ஈண்டு ஆராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்வைப்பிலே மூன்று செய்திகள் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, அரசியலுக்கு வாயிலாக நிற்பது ஊழ் என்னும் 38 ஆம் அதிகாரமாகும். அறத்துப்பாலின் ஈற்றிலே, ஊழினும் வலியது பிறிதில்லை என்ற முடிவைக் கேட்டபின்னரே வாசகன் அரசனைச் சந்திக்கின்றான். இரண்டாவது, இறைமாட்சியின் முதற் குறள் படை, குடி, பொருள், அமைச்சு, நட்பு, அரண் என்னும் ஆறு உடைமைகளை எண்ணி, அவற்றையுடையானை அரசருட் சிங்கமெனப் பாராட்டுகின்றது. மூன்றாவது, அவ்வாறினையும் விரித்துரைக்கும் அதிகாரங்கள் உடனே வாராமல், இடுக்கணழியாமை முடிந்தபின் அங்கவியலிலேயே வருகின்றன. உடைமைகளைப் பெயர் சொல்லி நிறுத்திவிட்டு, அவற்றை உடையானைப் பண்படுத்துவதற்கு 25 அதிகாரங்களைச் செலவிடுகின்றார் ஆசிரியர். அப்பயிற்சியின் இறுதிப் பாடமோ, உடைமை அழிந்தவிடத்தும் உள்ளம் அழியாதிருத்தல் என்பதாகும். அமைச்சும் படையும் அரணும் ஒருவன் கைக்கு வருமுன்னர், அவையின்றியும் நிற்கவல்லவனாக அவன் ஆகவேண்டும் என்பதே இவ்வைப்பு உணர்த்தும் கருத்தெனலாம்.

அரசியலின் இறுதி நான்கு அதிகாரங்களாகிய ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்பன ஒன்றனோடொன்று தொடர்புடையன. உள்ளம் கிளர்ந்தெழுதல் முதற்படி; எழுந்த உள்ளத்தை இழுத்துப் பிடிக்கும் சோம்பலை நீக்குதல் இரண்டாம்படி; இடைவிடாத முயற்சி மூன்றாம்படி; அம்முயற்சிக்கு இடையூறு நேருமிடத்துக் கலங்காமை நான்காம்படி. இந்நாற்பது குறட்பாக்களுள் மன்னவன் என்ற சொல் மடியின்மை அதிகாரத்தின் ஈற்றிலே ஒருமுறைதான் வருகின்றது. அரசியல் என்ற தலைப்பின்கீழ் நின்றும், உழவனுக்கும் வணிகனுக்கும் மாணவனுக்கும் ஒப்பப் பொருந்தும் வகையில் இவை பேசுகின்றன. இவற்றில் வரும் உவமைகளும் அரண்மனைக்குரியனவல்ல. குளத்துத் தாமரையும், வண்டியிழுக்கும் பகடும், வீட்டு விளக்கும், வீட்டைத் தாங்கும் தூணுமே ஆசிரியருக்குப் பொருள் விளக்கக் கருவிகளாயின.

ஊக்கத்தை விளக்க வந்த 595 ஆம் குறள், நீரின் அளவு எவ்வளவோ அவ்வளவே நீர்ப்பூவின் தாள் நீளும் என்ற காட்சியைக் காட்டி, மாந்தரின் உயர்வும் அவர் உள்ளத்தின் அளவினதே என்கின்றது. இக்குறள் எச்சொற்றொடரால் தொடங்குகின்றதோ, அதே சொற்றொடரால் இடுக்கணழியாமையின் 622 ஆம் குறளும் தொடங்குதல் நோக்கத்தக்கது. முன்னதிலே வெள்ளம் உள்ளத்துக்கு உவமை. பின்னதிலே அது துன்பத்துக்கு உவமை. வெள்ளம் போலப் பெருகிவரும் துன்பமும் அறிவுடையான் தன் உள்ளத்தே ஒன்றை நினைத்த அளவிற் கெடும் என்பது பின்னதன் கருத்து. இரண்டையும் இணைத்துக் கற்பார்க்கு ஓர் உண்மை புலனாகும்: வெள்ளத்துக்கு ஈடுகொடுப்பது வெள்ளமே. இடர் எவ்வளவு உயருமோ அவ்வளவு உயரும் உள்ளம் முன்னரே ஒருவனிடம் வளர்ந்திருத்தல் வேண்டும். துன்பம் வந்த அன்று ஊக்கத்தைத் தேடுவான், குளம் நிரம்பியபின் கொடி நடுவானை ஒப்பான். வளர்ச்சிப் பாடம் 60 ஆம் அதிகாரத்திலும், தாங்குதற் பாடம் 63 ஆம் அதிகாரத்திலும் அமைந்ததன் நயம் இதுவாகும்.

மடியின்மை அதிகாரத்திலே ஆசிரியர் மிகுதியாக ஆளும் சொல் குடி என்பது. சோம்பல் என்னும் மாசு படிந்தால் குடி என்னும் விளக்கு ஒளிமழுங்கி அவிந்துபோம் என்று அதிகாரம் தொடங்குகின்றது. நெய்யும் திரியும் உள்ள விளக்கேயாயினும் படியும் மாசினை நாள்தோறும் துடையாவிடின் ஒளி குன்றுதல் இல்லந்தோறும் காணப்படுவது. சோம்பலின் தீமை பேரழிவாக ஒருநாளில் வாராது. நாளுக்கு நாள் படிந்தே வரும். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் என்னும் நான்கையும் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலமாக 605 ஆம் குறள் உருவகிக்கின்றது. ஏறுவாரை வருத்தாது இனிதே சுமந்து சென்று ஆழத்திலே விடும் கலம் அது. பரீட்சைக்குரிய பாடத்தை நாளைக்கென ஒதுக்கும் மாணவனும், தீர்க்கவேண்டிய வழக்கை அடுத்த கூட்டத்துக்கெனத் தள்ளும் சங்கத் தலைவனும் ஒரே கலத்திலேயே பயணஞ் செய்கின்றனர்.

ஆள்வினை என்னும் சொல்லமைப்பு ஈண்டு ஆராயத்தக்கது. ஆளுதல் என்ற வினையடியிலிருந்து பிறந்த சொற்கள் இப்பகுதியிலே பலபடப் பயில்கின்றன. முயற்சியைத் தாளாண்மை என்பர். பிறர்க்கு உதவுதலை வேளாண்மை என்பர். குடியை நடத்துதலைக் குடியாண்மை என்பர். சோம்பலுக்கு ஆட்பட்டிருத்தலையும் மடியாண்மை என ஆசிரியர் குறிப்பிடுகின்றார். பின்னர்க் குடிசெயல்வகை என்னும் 103 ஆம் அதிகாரத்திலே, ஒருவன் தான் பிறந்த இல்லத்தை ஆளுந்தன்மையைத் தனக்கு ஆக்கிக்கொள்வதே நல்ல ஆண்மை என்ற விளக்கமும் வருகின்றது. இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கின், ஆட்சி என்பது வள்ளுவர்க்கு ஆசனத்திலே தொடங்குவதன்று என்பது தெளிவாகும். ஒருவன் முதலில் ஆளவேண்டியது தன் சோம்பலை. அடுத்துத் தன் முயற்சியை. அதன்பின் தன் இல்லத்தை. அதற்கும் பின்னரே ஊரையும் நாட்டையும். முயற்சியை ஆளாதவன் பிறர்க்கு உதவ விரும்புதலும், அஞ்சி நடுங்குவான் கையில் வாள் விளங்காதவாறு போலப் பயனின்றி ஒழியும் என்கின்றது 614 ஆம் குறள். நல்லெண்ணம் ஒன்றே தலைமைக்குப் போதுமென எண்ணுவார்க்கு இது கடுமையான மறுப்பாகும்.

இம்முயற்சியின் குறிக்கோள் தன்னலமன்று என்பதையும் அதே அதிகாரம் காட்டுகின்றது. தன் இன்பத்தை விரும்பாது வினையை விரும்புவான், தன் சுற்றத்தாரின் துன்பத்தைத் துடைத்து அவரைத் தாங்கும் தூணாவான் என்பது 615 ஆம் குறளின் கருத்து. தூண் வீட்டின் அழகுக்கென நிறுத்தப்படுவதன்று. மேலுள்ள பாரத்தை ஏற்றுக் கீழுள்ளாரைக் காப்பது அதன் தொழில். இக்காலத்து முன்னேற்ற நூல்கள் பலவற்றிலே வெற்றி என்பது ஒருவன் பிறரினும் உயர்ந்து நிற்றலாக வருணிக்கப்படும். வள்ளுவர் காட்டும் முயற்சியுடையானோ பிறரைத் தாங்கி நிற்பவன். தலைமை என்பதற்கு இதனினும் எளிய வரைவிலக்கணம் காண்டல் அரிது.

இனி, ஊழுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவு எத்தகையது? ஊழினும் வலியதில்லை என 380 ஆம் குறளிற் கூறிய ஆசிரியர், 620 ஆம் குறளிலே, தளராது முயல்வார் ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்கின்றார். இது முரண் அன்றோ என வினவுவார் பலர். பரிமேலழகர் இதனை நுண்ணிதாக விடுவித்தார். ஊழ் ஒருமுறை இருமுறை விலக்கலாமேயன்றி எக்காலும் விலக்கமாட்டாது. ஆதலாற் பன்முறை முயல்வார் பயன் எய்துவர் என்பது அவர் உரையின் கருத்து. இவ்வுரையின் சிறப்பு, ஊழை இல்லையென்று மறுக்காமலும், அதற்கு முழுதும் அடங்காமலும், காலத்தை நடுவே நிறுத்துவதில் உள்ளது. முதல் தோல்வியும் இரண்டாம் தோல்வியும் ஊழின் பக்கத்தன. மூன்றாம் முயற்சி மனிதன் பக்கத்தது. அன்றியும், முயற்சி கைகூடாதெனினும் உடல் வருந்திய அளவுக்குக் கூலியேனும் தரும் என 619 ஆம் குறள் ஆறுதல் கூறுகின்றது. நாட்கூலி என்னும் எளியோர் வழக்கை இவ்வுயர்ந்த கருத்துக்குக் கருவியாகக் கொண்டமை ஆசிரியரின் உலகியலறிவைப் புலப்படுத்தும்.

இதற்கு முந்திய 618 ஆம் குறள் பெரும்பாலார் கவனியாது செல்லும் ஒன்று. நல்லூழ் இன்மை எவர்க்கும் பழியன்று. அறியவேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்பது அதன் பொருள். தோற்றவனைக் கண்டவிடத்து, அவன் முயலவில்லை என்று முடிவுகட்டும் உலகத்தை இக்குறள் தடுத்து நிறுத்துகின்றது. முயன்றும் தோற்பார் உளர். அவரைப் பழித்தல் தகாது. ஊழ் என்ற கருத்து ஒருவன் தன் சோம்பலுக்குச் சாட்டாகக் கொள்வதற்கன்றிப் பிறர் தோல்வியைப் பொறுத்தற்கே பயன்படவேண்டும். கம்பன் காட்டும் இராமனும், நாடு பறிபோன வேளையிற் சினந்தெழுந்த இலக்குவனைத் தணித்தற்பொருட்டே விதியின்மேற் குற்றத்தை ஏற்றி, தந்தையையும் தாயையும் தம்பியையும் பழியினின்று நீக்கினான். தான் செய்யவேண்டிய வினையில் அவன் விதியைக் காட்டி ஒதுங்கியதில்லை.

இடுக்கணழியாமைக்கு முன்னுரை வகுத்த பரிமேலழகர், முயல்வானுக்குத் தெய்வத்தாலும், பொருளின்மையாலும், மெய்வருத்தத்தாலும் இடுக்கண் வரும் எனப் பகுத்து, பத்துக் குறட்பாக்களையும் அம்மூன்றனுள் அடக்கினார். முயல்வான் என அவர் தொடங்கியமை கருதத்தக்கது. இவ்வதிகாரம் வாளாவிருந்து துன்புறுவார்க்குச் சொல்லும் ஆறுதலன்று. வினையில் இறங்கியவனுக்கு உரைக்கும் துணிவு. மகிழ்க என்ற கட்டளைக்கும் அவர் உள்ளே மகிழ்தல் என்றே பொருள் கொண்டார். புறத்தே சிரித்து அகத்தே புழுங்குதல் ஆசிரியர் கருத்தன்று என்பது இதனாற் பெறப்படும். 624 ஆம் குறளிலே தடைப்பட்ட இடந்தோறும் வண்டியை ஈர்த்துச் செல்லும் பகடு உவமையாகின்றது. சீவகசிந்தாமணியின் ஓரடியைத் துணைகொண்டு, அப்பகடு விலாவைச் சாய்த்தும், மூக்கை நிலத்தில் ஊன்றியும், முழந்தாளில் தவழ்ந்தும் அரிதிற் பாரத்தைக் கொண்டு சேர்க்குமாற்றை உரையாசிரியர் விளக்குகின்றார். மேட்டிலும் சேற்றிலும் பாரவண்டி இழுக்கும் எருதைக் கண்டவர்க்கு இவ்வுவமையின் ஆற்றல் விளங்கும். மீண்டெழுதல் என்பது எப்பொழுதும் அழகிய தோற்றமுடையதன்று; முழந்தாளிட்டும் நகர்ந்தால் அதுவும் வெற்றியே. ஊக்கமுடைமையில் அம்பு தைத்தும் பெருமை குன்றாது நின்ற களிறு, ஈண்டு மூக்கூன்றித் தவழும் பகடாக மாறியது. முயற்சியின் தொடக்கத்திலே பெருமிதமும், முடிவிலே பொறுமையும் வேண்டப்படும் என்பது இம்மாற்றத்தாற் குறிப்பாற் பெறப்படும்.

இன்பத்துள் இன்பத்தை விழையாதவன் துன்பத்துள் துன்பம் அடையான் என 629 ஆம் குறள் இவ்வுரத்தின் வேரைக் காட்டுகின்றது. முடிசூட்டு என்றபோதும் காடேகுக என்றபோதும் இராமன் முகம் வேறுபடாமையைக் கம்பன் பாடியது இதற்கு இலக்கியச் சான்றாகும். ஆனால் அதே இராமன், சடாயு சிறகிழந்து வீழ்ந்து உயிர் நீத்தபோது ஆற்றாது அழுதான். தன் அரசு போனமைக்கு நீர் கொள்ளாத கண், பறவையரசன் ஒருவன் பிறர்பொருட்டு மாண்டமைக்கு நீர் சொரிந்தது. இவ்வேறுபாட்டை உணராதார் இடுக்கணழியாமையைக் கல்மனம் எனப் பிறழக் கொள்வர்.

இவ்வேறுபாடே வள்ளுவரின் அரசியலுக்கும் உயிர்நாடி. தன் துன்பத்தை நோக்கி மகிழ்க என்ற அதே ஆசிரியர், அதே இயலில், கொடுங்கோன்மை அதிகாரத்தின் 555 ஆம் குறளிலே, அல்லலுற்றுத் தாங்கமாட்டாது அழுவாரின் கண்ணீர் ஆள்வோன் செல்வத்தை அராவித் தேய்க்கும் படைக்கலம் என்கின்றார். அவ்வழுகையாளரைப் பார்த்து, இடுக்கணில் மகிழுங்கள் என அவர் கூறவில்லை. இரவச்சம் என்னும் அதிகாரத்தின் 1062 ஆம் குறளில் இன்னும் ஒருபடி சென்று, ஒருவன் பிச்சையேற்றே வாழவேண்டுமாயின் இவ்வுலகைப் படைத்தவனே அலைந்து கெடுக எனச் சபிக்கின்றார். பகுத்து நோக்கின் முறை தெளிவாகும். துன்பம் தனதாயின் தாங்குதல் அறம். பிறரதாயின் துடைத்தல் அறம். முன்னதை ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளலாம். பிறர்மேல் அதனை விதித்தல் ஆகாது. ஆள்வோன் குடிகளைப் பார்த்துப் பொறுமையைப் போதிப்பானாயின், அது இடுக்கணழியாமையன்று, கொடுங்கோன்மையேயாம்.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2009 இல் முடிவுற்ற நெடும்போரையும், 2022 இன் பொருளாதார நெருக்கடியையும் கண்ட இந்நாட்டிலே இவ்வேறுபாடு ஏட்டுக்கல்வியாக மட்டும் நிற்றல் இயலாது. இழப்பினின்று எழுந்தோரின் உரத்தைப் போற்றுதல் நன்று. ஆனால் அவர் வலியர், எதையும் தாங்குவர் என்ற பாராட்டு, செய்யவேண்டிய உதவியைச் செய்யாமைக்குப் போர்வையாகுமாயின், அப்பாராட்டினும் குற்றம் பிறிதில்லை. பகடு பாரத்தை இழுக்கும் என்பதனால் மேலும் பாரம் ஏற்றுவான் வண்டிக்காரன் அல்லன்.

தலைவனுக்கு இவ்வுரம் எதன்பொருட்டு வேண்டும் என்ற வினாவுக்கும் இறைமாட்சியே விடை தருகின்றது. காட்சிக்கு எளியனாகவும், கடுஞ்சொல் அற்றவனாகவும் இருப்பவனையும், செவி கைக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்புடையவனையும் அவ்வதிகாரம் புகழ்கின்றது. பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரமோ, இடித்துரைப்பார் இல்லாதவன் கெடுப்பார் இன்றியும் கெடுவான் என எச்சரிக்கின்றது. சிறு தோல்விக்கும் உள்ளம் நொறுங்குபவன் குறைகேட்க அஞ்சுவான். அஞ்சுபவன் தன்னைச் சுற்றிப் புகழ்வாரையே வைத்துக்கொள்வான். இடுக்கணில் அழியாத உள்ளம் உடையவனோ, தன் பிழையைச் சுட்டுபவனையும் அருகில் இருத்தவல்லவன். இன்ன வேலையை இன்ன கருவியால் இவன் முடிப்பான் என ஆராய்ந்து அவனிடமே விட்டுவிடுக என்னும் 517 ஆம் குறளின் அறிவுரையும் இத்தகையோனுக்கே கைகூடும். பிறர் செய்யும் வினை பிழைக்குமோ என நடுங்குபவன் எதனையும் எவரிடத்தும் விடான். மாணவத் தலைவனாயினும், துடுப்பாட்ட அணியின் தலைவனாயினும், ஊர்ச்சங்கத்தின் செயலாளனாயினும் இவ்விரண்டு இயல்புகளாலேயே அளக்கப்படுவர்.

அரசியலின் ஈற்றுக்குறளாகிய 630 ஆவது, வருத்தத்தையே இன்பமாகக் கொள்பவன் பகைவரும் விரும்பும் சிறப்பை எய்துவான் என்று முடிகின்றது. சிறப்பிலே தொடங்கிய இயல் சிறப்பிலேயே முடிகின்றது. ஆனால் தொடக்கத்திற் சொன்ன சிறப்பு ஆறு உடைமைகளால் வந்தது. முடிவிற் சொன்னது அவ்வாறனுள் ஒன்றும் இன்றியே வந்தது. முன்னதைப் பகைவர் கவர்தல் கூடும். பின்னதை விரும்புதலன்றி அவர் செய்யத்தக்கது பிறிதில்லை. இவ்விரு சிறப்புக்கும் இடையே 25 அதிகாரங்கள் அளவான வழி கிடக்கின்றது. அவ்வழியிலே செங்கோன்மையும் உண்டு, கொடுங்கோன்மைக்கு எச்சரிக்கையும் உண்டு, கண்ணோட்டமும் உண்டு. முதற்குறளையும் ஈற்றுக்குறளையும் மட்டும் மனனஞ் செய்து இடைவழியைக் கைவிடுவார்க்கு வலிமை வாய்க்கலாம், தலைமை வாய்க்காது. தன் துன்பத்தைத் தாங்கக் கற்றதெல்லாம் பிறர் துன்பத்தைத் துடைத்தற்கே என்று உணர்ந்தவனிடத்தே இறைமாட்சியும் இடுக்கணழியாமையும் ஒருங்கே நிலைபெறும்.